பத்தாவது பெயிலும் பாஸ்போர்ட்டும்

ஈசிஆர் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் போகிற சாலைதான் ஞாபகத்துக்கு வரும். அதே வார்த்தையை ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் போய் ஒரு டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். பேச்சு சாலைக்குப் போகாது. நேராக வளைகுடாவுக்குப் போகும். அங்கே ஈசிஆர் என்றால் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரி. எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு. தமிழில் சொன்னால், இந்த ஆள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் ஒரு முறை சோதித்துவிட்டு அனுப்பவும்.

கல்லூரியில் படிக்கிறவர்கள் பலருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. காரணம் எளிது. பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் அந்த வரி இருக்காது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்தாயிற்றா, வேலை முடிந்தது. முன்பெல்லாம் ஈசிஎன்ஆர் (சோதனை தேவையில்லை) என்று ஒரு முத்திரை குத்துவார்கள். 2007-லிருந்து அதுவும் இல்லை. ஒன்றும் எழுதாமல் இருந்தாலே ஈசிஎன்ஆர் என்று அர்த்தம். சலுகை பெற்றவனுக்கு, சலுகை பெற்றது தெரியாமலே இருக்கும்படியான ஏற்பாடு!

ஒரே கட்டணம், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். ஒரே நீல அட்டை, ஒரே சிங்கச் சின்னம். உள்ளே மட்டும் இரண்டு ஜாதி.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறும் உண்டு. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உண்டு. ஈராக், ஜோர்டான், லெபனான், சிரியா, ஏமன், லிபியா, சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான் மிச்சம். இங்கெல்லாம் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, அல்லது நிலவரம் சரியில்லை, ஆகவே படிக்காதவர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்பது அரசின் வாதம். எண்ணத்தில் பழுது இல்லை. அனுமதி வாங்கிப் போகிறவருக்குக் கிடைக்கும் நன்மைகளும் உண்மையானவை. வேலை ஒப்பந்தம் இ-மைக்ரேட் என்ற கணினி அமைப்பில் பதிவாகும். யார் முதலாளி, என்ன சம்பளம் என்பது இந்தியத் தூதரகத்துக்குத் தெரியும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். இரண்டு பிரியாணிக் காசில் பத்து லட்சத்துக்குப் பாதுகாப்பு. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு யாருக்கு வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆளை வைத்து. அந்த ஆள் செய்யப் போகிற வேலையை வைத்து முடிவு செய்வதில்லை.

ஈசிஎன்ஆர் ஆவதற்கான வழிகளைக் கொஞ்சம் பாருங்கள். பத்தாவது தேறியிருக்கலாம். 50 வயதைத் தாண்டியிருக்கலாம். ஏற்கனவே மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கலாம். வருமான வரி கட்டுபவராக இருக்கலாம். இன்னும் சில உண்டு. மூன்று வருட அனுபவம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, பட்டறிவு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை? 49 வயதில் ஏமாறக்கூடிய ஒரு கொத்தனார் 51 வயதில் ஏமாற மாட்டார் என்பது எந்தக் கணக்கு? வருமான வரி விஷயம் அதைவிட வேடிக்கை. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், சாதாரண வருமானம் 12 லட்சம் வரை உள்ளவருக்கு வரியே வராது. (வருமான வரிப் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் கவனிக்கவும்.) இந்த அளவுக்குச் சம்பாதித்து வரி கட்டுகிற ஆள் எதற்காக மஸ்கட்டில் கம்பி கட்டப் போகிறார்? வழியைத் திறந்து வைத்துவிட்டு, அதில் நுழையத் தேவையில்லாதவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது போலத்தான்.

இனி இது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். ஒன்பதாவதோடு நின்றுவிட்ட, 38 வயதுக் கொத்தனார் ஒருவர் முதல்முறை துபாய் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி போனால் பதிவுபெற்ற ஏஜெண்ட் மூலம் போகவேண்டும். அந்த ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. முதலாளி இ-மைக்ரேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் ஏறவேண்டும், காப்பீடு எடுக்கவேண்டும், அனுமதி வரவேண்டும். சிறிய கான்டிராக்டர்களுக்கு இதெல்லாம் தலைவலி. ஏஜெண்டுக்கும் தலைவலி, முப்பதாயிரத்துக்கு மேல் ரசீது போட முடியாது.

ஆகவே ஊரில் இருக்கிற சப்-ஏஜெண்ட் குறுக்கு வழி சொல்கிறார். "விசிட் விசாவில போயிடுங்கண்ணே, அங்க போய் மாத்திக்கலாம்." சோதனை என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். சுற்றிப் பார்க்கப் போகிற ஈசிஆர் ஆளுக்கு 2007 அக்டோபரிலிருந்து அனுமதி எதுவும் வேண்டாம். அந்த மாற்றமும் நல்ல மாற்றம்தான். மகளைப் பார்க்க சிங்கப்பூர் வழியாகக் கோலாலம்பூர் போகிற பாட்டியை எதற்கு அலுவலகம் அலுவலகமாக அலையவிட வேண்டும்? ஆனால் அந்தக் கதவு வழியாகக் கொத்தனாரும் போகிறார். கையில் திரும்பி வருகிற டிக்கெட், ஓட்டல் புக்கிங் தாள். எமிகிரேஷன் கவுண்டரில் கேட்டால் "டூர் போறேன் சார்" என்று சொல்லச் சொல்லிப் பாடம் நடத்தியிருப்பார்கள். தேய்ந்து வெடித்த கையை மட்டும் எங்கே ஒளிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

விமானம் ஏறியாயிற்று. அந்த நிமிடமே அவர் எல்லாப் பாதுகாப்பிலிருந்தும் இறங்கியாயிற்று. ஒப்பந்தம் எங்கும் பதிவாகவில்லை. 375 ரூபாய்க் காப்பீடு இல்லை. வாக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதிதான் வருகிறது என்றால் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது? விசிட் விசா காலம் முடிந்து வேலை விசா மாறவில்லை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். தூதரகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "டூரிஸ்ட்டாகத்தானே வந்தீர்கள்?" என்பதாக இருக்கும். பாதுகாப்பதற்காகப் போட்ட வரி, பாதுகாப்பு இல்லாத வழியில் அவரைத் தள்ளிவிட்டது. அந்த வரி மட்டும் பாஸ்போர்ட்டில் இல்லாமல் இருந்திருந்தால் அவர் குறைந்தபட்சம் சரியான வேலை விசாவில், தன் பெயருக்கு ஒரு ஒப்பந்தத்தோடு போயிருக்க வாய்ப்பு உண்டு.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது ஆகாமல் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடைக்காது. 28 வயதில் இரண்டு பிள்ளைகளோடு கணவனை இழந்தவர் வீட்டு வேலைக்குக் குவைத் போவதென்று முடிவெடுத்தால், அரசு சொல்வது: இரண்டு வருடம் காத்திருங்கள். கடன்காரர் காத்திருப்பாரா? அவரும் விசிட் விசாவில்தான் போவார். கட்டடத் தொழிலாளிக்காவது பக்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண் நான்கு சுவருக்குள் தனியாக இருப்பார்.

இன்னொரு குறுக்கு வழி, போலி பத்தாம் வகுப்புச் சான்றிதழ். பிடிபட்டால் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதோடு குடிபெயர்வுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பதிவில்லாமல் ஆள் அனுப்புகிற ஏஜெண்டுக்கு இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. இரண்டாயிரம்! 1983-ல் அது ஒரு தொகை. இன்று ஒரு ஆளிடம் லட்சம் வாங்குகிறவருக்கு அது டீச் செலவு. அதாவது வயிற்றுப் பிழைப்புக்காகப் பொய் சான்றிதழ் கொடுத்தவருக்கு ஐயாயிரம், அவரைப் போன்றவர்களை வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு இரண்டாயிரம். (மோசடி வழக்கு தனியாகப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் இதற்கென்றே செய்த சட்டம் இப்படி இருக்கிறது.)

படிப்பு ஒருவரை ஏமாறாமல் காக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம் 2022-லேயே இடிந்துவிட்டது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, நல்ல சம்பளம், விசா அங்கே இறங்கியதும் கிடைக்கும் என்று விளம்பரம் பார்த்துப் போனவர்கள் யார்? பட்டதாரிகள், என்ஜினியர்கள். பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். செய்யச் சொன்ன வேலை, இணையத்தில் போலிப் பெயரில் பேசி மற்றவர்களின் பணத்தைச் சுருட்டுவது. மறுத்தவர்களுக்கு அடி. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அதே வருடம் அக்டோபரில் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களை அனுப்பி 549 இந்தியர்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது.

இவர்களில் பெரும்பாலோர் பத்தாவது தாண்டியவர்கள். தாய்லாந்து அந்தப் பதினெட்டு நாடுகளில் ஒன்றுதான், ஆனாலும் சோதனை இல்லை. கடைசிப் பக்கம் காலியாக இருந்ததே! அல்ஜீப்ராவில் 35 மார்க் வாங்கியது பாங்காக் ஏஜெண்டிடமிருந்து யாரையும் காப்பாற்றவில்லை. இவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பெனி நிஜமா, அந்த வேலை நிஜமா என்று புறப்படுவதற்கு முன் யாராவது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் என்ற பதவியே வெள்ளைக்காரன் காலத்தது. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய நாட்களில் வந்த பெயர் அது. 1922-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் கூலித் தொழிலாளிகளைத் தனியாகப் பிரித்து அவர்கள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியது. கங்காணிகள் இங்கிருந்து ஆள் திரட்டி இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பிய காலம் அது. 1938-ல் மலாயாவுக்கும், 1939-ல் இலங்கைக்கும் அப்படிப் போவதை இந்திய அரசு நிறுத்தியது. பட்டம் படித்த குமாஸ்தாவுக்கு ஒரு சட்டம், மண்வெட்டி பிடிப்பவனுக்கு ஒரு சட்டம் என்ற அந்தப் பழைய பிரிவினைதான் பெயர் மாறி 1983-க்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடுவில் உச்ச நீதிமன்றம் ஒரு காரியம் செய்தது. 1967 வரை பாஸ்போர்ட் என்பது அரசு மனது வைத்தால் தருவது, வேண்டாமென்றால் பிடுங்கிக்கொள்வது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி வழக்குப் போட்டார். 1967 ஏப்ரல் 10-ஆம் தேதி, தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ் உள்ளிட்ட மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக, வெளிநாடு போவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு அதை இன்னும் உறுதியாக்கியது. வியாபாரிக்கும் அரசியல் குடும்பத்து மருமகளுக்கும் கிடைத்த உரிமை, சித்தாளுக்கு மட்டும் பள்ளிக்கூட ரிசல்ட் ஷீட்டைப் பொறுத்துக் கிடைக்கிறது.

2018-ல் இரண்டு வேடிக்கைகள் நடந்தன. ஜனவரியில், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை இனி அச்சடிக்கப் போவதில்லை என்று அமைச்சகம் சொன்னது. பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் அங்கே வருவதால் சிலருக்குச் சிரமம் என்பது காரணம், சரியான காரணம்தான். ஆனால் ஈசிஆர் வரியும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? ஈசிஆர்க்காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்டுவிடலாம் என்றார்கள். அதாவது விமான நிலைய வரிசையில் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும், இவர் பத்தாவது தேறாதவர் என்று! நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. மாதம் முடிவதற்குள், ஜனவரி 30-ஆம் தேதி, திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். நல்லது. ஆரஞ்சு அட்டை போயிற்று. ஆரஞ்சு அட்டைக்குக் காரணமான பிரிவினையைப் பற்றி யாரும் பேசாமல் கலைந்து போனார்கள்.

நவம்பரில் அடுத்தது. ஈசிஎன்ஆர் ஆட்களும் அந்தப் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் 2019 ஜனவரி 1 முதல் இணையத்தில் பதிவு செய்யவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அனுமதி கேட்கச் சொல்லவில்லை, விவரத்தைப் பதியச் சொன்னார்கள். உடனே எதிர்ப்பு. லீவு முடிந்து திரும்புகிறவர்களை ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் ஓரளவு நியாயமானதுதான். பதிவு செய்யாதவர்களை விமானம் ஏறவிட மாட்டோம் என்று மிரட்டல் தொனியில் அறிவித்தால் அப்படித்தான் பயம் வரும். சில நாட்களிலேயே அறிவிப்பை நிறுத்தி வைத்தார்கள். பதிவு செய்வது இன்றைக்கு அவரவர் விருப்பம். அன்றைக்கு அது ஒழுங்காக, மிரட்டல் இல்லாமல் நடைமுறைக்கு வந்திருந்தால், மியாவாடிக்குப் போனவர்களில் சிலராவது கம்பெனி பெயரைக் கணினியில் தட்டும்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் வேறு மாதிரி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ், என்ஜினியர், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் புறப்படுமுன் ஒரே மாதிரிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். படிப்பை யாரும் கேட்பதில்லை, வேலை ஒப்பந்தத்தைக் கேட்கிறார்கள். இதற்கென்று 2021 டிசம்பரில் சட்டம் போட்டுத் தனி அமைச்சகமே அமைத்தார்கள். அங்கேயும் வரிசை நீளம், அலைச்சல், ஏமாற்று ஏஜெண்டுகள் எல்லாம் உண்டு. சுற்றுலா விசாவில் நழுவிப் போய் மாட்டிக்கொண்ட பிலிப்பைன்ஸ்காரர்களும் உண்டு. சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற கேள்வி சரியான கேள்வி.

எல்லோரையும் சோதித்தால் சாதாரண மக்களுக்குத் தொந்தரவுதானே, லஞ்சத்துக்கு இன்னொரு கவுண்டர் திறந்த மாதிரிதானே என்று சிலர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதனால்தான் தொழிலாளியை வரிசையில் நிற்க வைக்கிற வேலையை முதலாளி பக்கமும் ஏஜெண்ட் பக்கமும் தள்ளவேண்டும். ஒப்பந்தத்தை அவர்கள் பதியட்டும். தொழிலாளிக்கு அதன் நகல் தமிழில் அவர் போனுக்கு வரட்டும். காப்பீடு அதோடு தானாகச் சேரட்டும், 375 ரூபாயை முதலாளியே கட்டட்டும். விசிட் விசாவில் போய் அங்கே வேலை கிடைத்தவர், தண்டனை பயம் இல்லாமல் அங்கிருந்தே பதிவு செய்து காப்பீட்டில் சேரும்படி இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் எல்லோருக்கும் காலியாக இருக்கட்டும். இதில் எதற்கும் பத்தாவது மார்க் ஷீட் தேவைப்படாது. முதலாளிகள் சும்மா பதிவு செய்வார்களா என்றால், செய்ய மாட்டார்கள். அவர்களை நெருக்குகிற பலம் டெல்லிக்கு இருக்கிறதா என்பதற்கு ஒரு உதாரணம்: வளைகுடாத் தொழிலாளிகளுக்கான குறைந்தபட்ச சம்பள அளவை 2020 செப்டம்பரில் அரசே குறைத்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2021 ஜூலையில்தான் பழைய அளவு திரும்பி வந்தது. ஆக, பலத்தைவிட மனம்தான் குறைவாக இருக்கிறது.

1983 சட்டத்தை மாற்றப் புதிய வரைவு 2021-ல் ஒன்று வந்தது, 2025 அக்டோபரில் இன்னொன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தார்கள். இப்படிப்பட்ட வரைவுகளில் அமைப்புகள், கவுன்சில்கள், கமிட்டிகள் பற்றிய பக்கங்கள்தான் அதிகம் இருக்கும். படிக்கிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய் இரண்டு விஷயங்களைத் தேடினால் போதும். சோதனை யாருக்கு என்பதை முடிவு செய்ய இன்னும் படிப்பைத்தான் பார்க்கிறார்களா? விசிட் விசாவில் போய் வேலையில் சேர்ந்த அந்தக் கொத்தனாருக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா?

அதுவரை, இந்த வருடம் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலை என்று ஏதாவது வாட்ஸ்அப்பில் வந்தால், இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது, அதில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978-லிருந்து நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தேடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.